பச்சைக்கொடிக்குப் பின்னால்

துவைத்த எண் துணிகளை வரிசையாகக் கயிற்றில் போட்டுக்கொண்டே வந்தபோது பதினாறுக்கு அடுத்துப் பதினெட்டு தொங்கியது. தையல்காரி வாளியைக் கவிழ்த்துப் பார்த்தாள். குளியலறை மூலைகளில் பார்த்தாள். பதினேழைக் காணோம்.

வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அதனால் தையல் மெஷின் இருக்கும் முன்னறையிலேயே, ஜன்னல் கம்பியிலிருந்து கதவு ஆணிவரை கயிறு கட்டியிருந்தாள். வெள்ளைத் துணியில் கறுப்பு ரெக்ஸினை வெட்டித் தைத்த எண்கள். எல்லாம் அவள் கைவேலைதான். நடந்து போனால் தலையில் முட்டின.

“என்னங்க, பையில இருந்ததெல்லாம் எடுத்துட்டீங்களா?”

அவள் வீட்டுக்காரர் அடுப்படியில் நின்று அவித்த முட்டைக்கு ஓடு உரித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறவர். எந்த வேலையையும் நின்றபடியேதான் செய்வார், சாப்பிடுவது உட்பட.

“கொட்டிக் காட்டினேன்ல? நீதானே அள்ளிட்டுப் போனே.”

“பதினேழக் காணோம்.”

“பேக்கரிக்காரரோடதா? பாதியிலேயே மூச்சு வாங்குதுன்னு எறங்கிட்டாரு மனுஷன். நாளைக்கு மறுபடி ஓட்டறாராம். கையில குடுத்தாருன்னுதான் நெனைக்கிறேன். கொட்டற மழையில யாரு என்ன குடுத்தா, எங்க வச்சேன், ஒண்ணும் நெனப்பில்ல. வழியில விழுந்திருக்கும். துணிதானே, விடு.”

துணிதான். ஆனால் அந்த ஊர் சைக்கிள் சங்கத்தின் பந்தயங்களில் அந்தத் துணிக்கு ஒரு வேலை இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை, சனியும் ஞாயிறும். சனிக்கிழமை ஊருக்குள்ளேயே தெருத்தெருவாகச் சுற்று; அது அன்றைக்கு முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையோடு போய், மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி, கல் குவாரி முக்கு வழியாக ஊர் திரும்ப வேண்டும். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்கள். பேக்கரிக்காரர், வங்கிக் காசாளர், பெயின்ட் அடிக்கிறவர், இரண்டு நர்ஸுகள். எல்லாருக்கும் முன்னால் சிவப்புக்கொடி கட்டிய ஜீப். எல்லாருக்கும் பின்னால் பச்சைக்கொடியோடு ஒரு மோட்டார் சைக்கிள். அந்த மோட்டார் சைக்கிள் அவள் வீட்டுக்காரருடையது.

வழியில் முடியாமல் விலகுகிறவர்கள் முதுகிலிருந்து துணியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் வேனில் ஏறலாம். கிளம்பியவர்களில் துணி கொடுத்தவர்களைக் கழித்தால் மிச்சம் சாலையில் இருக்கிறார்கள். மழையில் பேப்பர் நைந்துபோகும், பேனா எழுதாது. துணி இருக்கும். அந்த நம்பிக்கையில்தான் இத்தனை வருடமாக எல்லாம் நடந்தது.

தையல்காரி வெட்டு மேஜையில் கிடந்த தலையணை உறைத் துணியில் ஒரு சதுரம் கிழித்தாள். ரெக்ஸினில் ஒன்றும் ஏழும் வெட்டினாள். ஏழின் கழுத்தை மடக்கித் தைக்கும்போது ஊசி விரலில் ஏறியது. மெஷினில் உட்கார்ந்து பாவாடை தாவணி முதல் பள்ளிச் சீருடை வரை தைத்துத் தள்ளுகிறவள். ஊசி குத்திப் பல வருடம் ஆகிறது.

“அம்மா விரல்ல குத்திக்கிட்டா பாருப்பா,” என்றாள் மகள். குருவி என்றுதான் அவளைத் தெருவே கூப்பிடும். கால் ஒல்லி, சாப்பாடு கொறிப்பு. தைத்த துணிகளைச் சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொடுத்துவருவது அவள் வேலை. அப்படி ஓட்டி ஓட்டித்தான் இந்த வருடம் பெயர் கொடுத்திருந்தாள்.

“குத்தாம என்ன பண்ணும்? நாளைக்கு மலை.”

“மலைன்னா என்ன, புலியா?”

“எறங்கும்போது மெதுவா எறங்குடி.”

“மெதுவா எறங்கினா அதுக்குப் பேரு பந்தயம் இல்லம்மா, டெலிவரி.”

“வளைவுலயாவது உன் பக்கத்துலயே வா. அந்தப் பக்கம் போயி வளைவ அறுத்துக்கிட்டு வராத.”

“ரோடு மூடியிருக்கும்போது எதுக்கு என் பக்கம், அந்தப் பக்கம்? முழு ரோடும் எங்களுது. கேளு, அப்பாகிட்ட.”

முட்டையை வாயில் போட்டுக்கொண்டு அவர் தலையாட்டினார். “அதுக்குத்தானே கொடி. செவப்புக்கும் பச்சைக்கும் நடுவுல இருக்கற ரோடு ஓட்டறவங்களுது. ஒரு மாடுகூட வராது.”

“அப்புறம் இன்னொண்ணு,” என்று குருவி அம்மாவின் முன்னால் வந்து நின்றாள். “முடிவுக்கோட்டுல நின்னுக்கிட்டு என்னப் பாத்துக் கத்தக் கூடாது. குருவி, குருவின்னு கூப்பிடக் கூடாது. மானம் போயிடும்.”

“நான் ஏன்டி கத்தறேன்? கோட்டுல நின்னா நான் நடுவர். உனக்கு அம்மாவே இல்ல.”

“சத்தியமா?”

“சத்தியமாத்தான்டி. போய்ப் படு.”

சொல்லிவிட்டாள். படுத்தபிறகு மகளின் அறையிலிருந்து வந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். அந்த மலைச்சாலை அவளுக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் முட்புதர் மண்டிய பள்ளம். ஒவ்வொரு வளைவிலும் அடுத்த வளைவு கண்ணுக்குத் தெரியாது.

*

விடிந்ததும் கணவன் மனைவி இருவரும் தபால்காரரைக் கூட்டிக்கொண்டு சங்கத்து வேனில் குவாரி முக்குக்குப் போனார்கள். முக்கில் சாலையை மறித்து நாடா கட்ட ஒரு கை வேண்டியிருந்தது. தபால்காரருக்கு அங்கேதான் காவல். லாரிகளை நிறுத்திவைத்து, கடந்து போகிறவர்களை எண்ணி, பச்சைக்கொடி வந்ததும் நாடாவை அவிழ்க்க வேண்டும். செல்போன் அங்கே எடுக்காது. மலை மறைக்கிறது.

ஞாயிறு என்றும் பாராமல் குவாரி லாரிகள் அதற்குள்ளேயே வரிசை கட்டியிருந்தன. பாதி லாரிகள் ஊர்ப்பக்கம் போகிறவை. பாதி, மலையேறி அந்தப் பக்கத்து ரயில்வே யார்டுக்குக் கல் கொண்டுபோகிறவை. முதல் லாரியின் டிரைவர் பம்பரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். புருவம்வரை கல்தூசி. அவருக்குப் பவுடர் என்று பெயர். குளித்துவிட்டு வந்தால் அவர் மனைவிக்கே அடையாளம் தெரியாது என்பார்கள்.

“வந்துட்டாங்கய்யா, ரோட்டைக் குத்தகைக்கு எடுத்தவங்க,” என்றார் பவுடர்.

“ஒரு காலைப்பொழுதுதான் அண்ணே,” என்றாள் தையல்காரி.

“உங்களுக்குப் பொழுதும்மா. எனக்கு நடை. ரெண்டு நடை போச்சுன்னா எங்க மொதலாளி என்னையே ஒடைச்சு ஜல்லியா வித்துருவான். ஏம்ப்பா மோட்டாரு, வீட்டுல சைக்கிள் இருந்தா வீட்டுக்குள்ள ஓட்டக் கூடாதா?”

“வீடு சின்னது அண்ணே. திருப்ப முடியாது,” என்றார் அவள் வீட்டுக்காரர். பவுடர் சிரித்துவிட்டார். சிரித்தால் தூசிக்கு நடுவே பல் மட்டும் தெரிந்தது.

“சரி, விஷயத்துக்கு வா. எப்ப விடுவீங்க?”

“கடைசியா நான் வருவேன். பச்சைக்கொடி இருக்கும். நான் தாண்டினதும் ரோடு உங்களுது.”

“உனக்குப் பின்னால ஒருத்தரும் இருக்க மாட்டாங்களே?”

“ஒரு ஈ காக்கா இருக்காது. பச்சைக்கொடி போயிருச்சுன்னா நீங்க கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்.”

“நான் கண்ணத் தெறந்துக்கிட்டு ஓட்டறதே அதிசயம். போ, போ. கொடியோட வா.”

லாரியின் முன்சக்கரம் தையல்காரியின் மார்புயரம் இருந்தது. ரப்பரின் பள்ளங்களில் சிறு கற்கள் இறுகிப்போய் மாட்டியிருந்தன. நாடாவைக் கட்டி முடிக்கும்வரை அவள் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தைத் திருப்பினாலும் கண் அங்கேயே போய் நின்றது.

*

மரவாடிக்கு எதிரே சாலையில் வெள்ளைச் சுண்ணாம்பால் போட்ட கோடு மழையில் பாதி கரைந்துவிட்டது. பந்தயம் கிளம்பி நெடுநேரம் ஆகியிருந்தது. தார்ப்பாய்க்குக் கீழே மேஜை போட்டுத் தலைமை நடுவர் உட்கார்ந்திருந்தார். தொழில் பல் டாக்டர். வாயைத் திற என்று சொல்லிப் பழகிய குரல்.

“முகத்தப் பாக்காதீங்க. முதுகைப் பாருங்க,” என்று ஒவ்வொரு வருடமும் சொல்வதை அன்றைக்கும் சொன்னார். “முகத்தப் பாத்தா பாவமா இருக்கும். பாவம் பாத்த நேரத்துல நம்பர் போயிடும். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்.”

ஈர மரத்தூளின் வாசனை தெரு முழுக்க இருந்தது. தையல்காரிக்குக் காலையில் இருந்து ஒரு வாய் டீதான். டாக்டர் கொடுத்த பிஸ்கட் கையிலேயே நமத்துப்போனது.

முதலில் சிவப்புக்கொடி ஜீப் வந்தது. பின்னால் பெயின்ட் அடிக்கிறவர் ஒற்றையாக வந்தார். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் ஒரு கூட்டமே மொத்தமாக வந்து விழுந்தது. எல்லாரும் தலையிலிருந்து கால்வரை சேறு. ஆணா பெண்ணா தெரியவில்லை. அவள் முகங்களைப் பார்க்கவில்லை. முதுகுகளை மட்டும் பார்த்துக் கத்தினாள். “ஒம்பது! இருவத்தேழு! நாலு! பன்னெண்டு!” அவள் விட்ட ஒன்றிரண்டை டாக்டரே எட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டு எழுதினார்.

குருவியின் இருபத்துநாலைத் தன் வாயால் சொன்னதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

டாக்டர் சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். அல்லது மலையிலேயே முடியாமல் துணியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேனில் உட்கார்ந்திருப்பாள். அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், இருக்கட்டும். டாக்டரிடம் கேட்கலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தாள். கேட்டால் அந்த நிமிடமே அம்மா ஆகிவிடுவாள். சத்தியம் செய்திருக்கிறாள். கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியாகப் பேக்கரிக்காரர் வந்தார். கோட்டைத் தாண்டியதும் சைக்கிளோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். “பதினேழு,” என்றாள் தையல்காரி. நேற்று இரவு அவள் தைத்த துணி. மழையில் நனைந்தும் புதுத்துணி புதுத்துணியாகவே தெரிந்தது.

அவருக்குப் பின்னாலேயே பச்சைக்கொடி வந்தது.

அவள் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, தோள்பையை மேஜையில் கவிழ்த்தார். ஈரத்துணிகள் சொத்தென்று விழுந்தன. டாக்டர் எண்ணினார். வந்தவர்களையும் துணிகளையும் கூட்டினார்.

“முப்பது. சரியா இருக்கு. இன்னிக்கு ஒரு பல்லும் கொட்டல,” என்றார் சந்தோஷமாக.

“சரியா இருக்கா? எனக்குப் பாதி உயிர் போயிருச்சு டாக்டர்,” என்று அவள் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்தார். “குவாரி முக்குல தபால்காரர் கணக்குக்கும் என் கணக்குக்கும் ஒண்ணு இடிச்சுது. ஒரு ஆளு குறையுது. பையைத் தலைகீழா ஒதறிட்டேன். இல்ல. பவுடரு ஒரு பக்கம் ஹாரன் அடிச்சே கொல்றான். அப்புறம் பாத்தா உள்பையில ஒண்ணு கசங்கிக் கெடக்கு! மேல ஏறும்போது வேன்காரன் ஒரு கத்தை குடுத்தானே, அப்ப நானே சொருகியிருக்கேன் போல. அப்பாடான்னு கொடியக் காட்டிட்டு வந்தேன்.”

டாக்டர் சிரித்தார். தையல்காரி துணிகளை அள்ளி மடிக்க ஆரம்பித்தாள். கை தன்பாட்டுக்கு மடித்தது. ஒன்று மட்டும் மற்றவை போல இல்லை. ஈரம்தான், ஆனால் இன்றைக்கு நனைந்த ஈரம் இல்லை. ஒரு ராத்திரி சுருட்டிக் கிடந்த மக்கல் வாசனை. விரித்தாள்.

பதினேழு.

நிமிர்ந்து பார்த்தாள். நடைபாதையில் பேக்கரிக்காரர் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் முதுகிலும் பதினேழு.

முதலில் அவளுக்குத் தோன்றியது துணியைப் பற்றித்தான். ஓ, இங்கேயா இருந்தே என்று. நேற்று முழுக்கத் தேடியது கிடைத்த சின்னச் சந்தோஷம்கூட வந்தது. அதற்குப் பிறகுதான் கால் இருக்கிற இடத்தில் தரை இல்லாமல் போனது.

இது நேற்றையது. இதை எண்ணித்தான் கொடியைக் காட்டியிருக்கிறார். அப்படியென்றால் ஒருவர் இன்னும் மலையில் இருக்கிறார்.

அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகங்களைப் பார்த்தாள். தார்ப்பாய்க்குக் கீழே நின்றவர்கள், மரவாடிச் சுவரில் சாய்ந்தவர்கள், வேனுக்குள் போர்வை போர்த்தி உட்கார்ந்தவர்கள் எல்லாரையும் பார்த்தாள். சேற்றுக்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாக வெளியே வந்தது. ஒன்றும் அவளுடையது இல்லை.

“குருவி!” என்று கத்தினாள். யாரும் மானம் போகிறது என்று முறைக்கவில்லை.

“என்னாச்சு?” என்றார் அவள் வீட்டுக்காரர்.

அவள் துணியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அப்புறம் பேக்கரிக்காரரின் முதுகைக் காட்டினாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மோட்டார் காயிலில் எங்கே புகைகிறது என்று தேடுவதுபோல நிதானமாகப் பார்த்தார். உதடு வெளுத்தது.

“உள்பை,” என்றார். “நேத்து உள்பையில வச்சேன்.”

“நீங்க அவளத் தாண்டி வந்தீங்களா?”

“பாக்கலையேம்மா. ரோட்டுல யாருமே இல்லையே.”

“லாரிய விட்டாச்சா?”

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார். ஒரு உதையில் கிளம்பும் வண்டி நாலைந்து உதை வாங்கியது. டாக்டர் தபால்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அது சொல்வது மேஜைக்கு இந்தப் பக்கம்வரை கேட்டது. தையல்காரி ஜீப்பிலிருந்து கழற்றி மேஜையில் போட்டிருந்த சிவப்புக்கொடியை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினாள்.

*

எதிரே முதல் லாரி வந்தபோது அவள் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “மெதுவா! மெதுவாப் போங்க!” லாரி சேற்றை இறைத்துக்கொண்டு கடந்தது. அவள் அதன் சக்கரங்களைப் பார்த்தாள். முன்சக்கரம், பின்சக்கரம், பம்பர். சேறு. வெறும் சேறுதான். அடுத்த லாரி. அதன் சக்கரங்களையும் பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. குருவி போட்டிருந்தது மஞ்சள் பனியன். மஞ்சளாக ஒரு பிளாஸ்டிக் பை சாலையோரம் கிடந்ததற்கே வாய்விட்டு அலறினாள்.

“எல்லாம் என்னாலதான்,” என்று அவர் முன்னால் பார்த்தபடியே சொன்னார். “நான் பாக்காம வந்துட்டேன்.”

“நான் இன்னொண்ணு தைக்காம இருந்திருந்தா இன்னிக்குப் பேக்கரிக்காரர் முதுகு வெறுமையா இருந்திருக்கும். பதினேழு இல்லன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பேசாம ஓட்டுங்க.”

“முழு ரோடும் உன்னுதுன்னு நான்தானே சொன்னேன்.”

“பேசாதீங்கன்னு சொல்றேன்ல!”

அதுதான் அவளுக்கும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. லாரி வரும் என்று தெரிந்தால் குருவி ஒதுங்கி வருவாள். அவளுக்குத் தெரியாது. மூடிய சாலை என்று நம்பிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, பாறையோரமாக வளைவை அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஏறித்தான் வருவாள். இறக்கத்தில் அவள் சைக்கிள் சத்தமே போடாது. நேற்றுத்தான் அவளே உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டிருந்தாள்.

குவாரி முக்கில் நாடா சுருட்டி ஒரு கல்லின்மேல் வைக்கப்பட்டிருந்தது. தபால்காரரைக் காணோம். வேலை முடிந்தது என்று குறுக்குப்பாதையில் வீட்டுக்குப் போயிருப்பார். மலைப்பக்கம் திரும்பினார்கள்.

முதல் வளைவிலேயே லாரிகள் நின்றுகொண்டிருந்தன. மலையேற வேண்டிய லாரிகள். ஒன்றன் பின்னால் ஒன்றாக, பாறையோடு ஒட்டி, எல்லாம் எஞ்சின் ஓடியபடி. பின்னால் இருந்தவர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். ஒரு டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “மேல என்னமோ ஆயிருச்சாம்ப்பா, போக வழியில்ல,” என்றான்.

வண்டி அங்கேயே நின்றது. அவள் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. கை ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டது. இறங்கினார். இரண்டடி வைத்தார். அடுத்த லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

“நீ போய்ப் பாரு,” என்றார். “என்னால முடியலம்மா.”

அவள் போனாள். ஓடவில்லை. ஓடினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமே என்று இருந்தது. பாறைக்கும் லாரிகளுக்கும் நடுவில் ஒரு ஆள் போகும் இடைவெளி. சூடான எஞ்சின் காற்று கணுக்காலில் அடித்தது. ஒரு லாரியைத் தாண்டினாள். இன்னொன்று. கையில் சிவப்புக்கொடி இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

முதலில் நின்ற லாரி பாறையில் மோதிச் சாய்ந்திருந்தது. பக்கக் கண்ணாடி நொறுங்கி, அதன் கம்பி வளைந்து தொங்கியது. அதற்கு முன்னால் நட்டநடுச் சாலையில் பவுடர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தார். முகத்துத் தூசியில் தண்ணீர் இறங்கிய கோடுகள். முன்சக்கரத்துக்கு அடியில் ஒரு சைக்கிள். அதன் பின்சக்கரம் எட்டாக மடங்கியிருந்தது.

தையல்காரி அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். ரப்பர் பள்ளங்களில் மாட்டியிருந்த கற்களைப் பார்த்தாள்.

“அந்தப் பக்கம்,” என்றார் பவுடர். கையைத் தூக்காமல் தலையால் காட்டினார். “அந்தப் பக்கம் இருக்கும்மா. உசிரோட இருக்கு.”

லாரியின் முகப்பைச் சுற்றிப் போனாள். பள்ளத்தோரக் கல்லில் குருவி உட்கார்ந்திருந்தாள். மடியில் பவுடரின் தண்ணீர் கேன். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. முழங்கையிலிருந்து முட்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பல் கிட்டித்து உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் அழவில்லை.

“மேல திரும்புற எடத்துல வழுக்கிடுச்சும்மா,” என்றாள். “புதருக்குள்ள விழுந்துட்டேன். சைக்கிள் மேல கெடந்துது. நகர முடியல.”

தையல்காரி அவள் தலையைத் தொட்டாள். காதைத் தொட்டாள். தோள், முதுகு, கால் விரல்வரை தொட்டுப் பார்த்தாள். முதுகில் இருபத்துநாலு இருந்தது. நான்கு ஊக்கும் அப்படியே இருந்தன. அவளே குத்திவிட்டது.

“அப்பா வண்டி சத்தம் கேட்டுது,” என்றாள் குருவி. “கூப்பிட்டேன்ம்மா. ரெண்டு தடவை கூப்பிட்டேன். அப்பா நிக்காமப் போயிட்டாரு.”

அப்போதுதான் அவர் லாரியைச் சுற்றி வந்து நின்றார். கேட்டுவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றார்.

பவுடர் எழுந்துவந்து அவர் முன்னால் நின்றார். அடித்துவிடுவார் என்றுதான் தையல்காரி நினைத்தாள்.

“பச்சைக்கொடிய நம்பித்தானேய்யா வந்தேன்,” என்றார் பவுடர். குரல் உடைந்து கீழே போனது. “யாரும் இல்லன்னு நீதானே சொன்னே. ஈ காக்கா இல்லன்னியே. இது மேலருந்து சைக்கிள்ல எறங்கி என் வண்டி முன்னால வந்து விழுது. பிரேக்குல ஏறி நின்னேன்யா, ஏறி நின்னேன்! பாறையில கொண்டுபோய்ச் சாத்தினேன். ஒரு ஜாண் தள்ளி வண்டி நின்னுருந்துச்சுன்னா நான் என்னாயிருப்பேன்? நாளைக்கு எந்தக் கையால சோறு திம்பேன்? சொல்லு!”

“எம் பொண்ணுதான் அண்ணே,” என்றார் அவர்.

பவுடர் அவரையே பார்த்தார். அப்புறம் குருவியைப் பார்த்தார். திரும்பிப்போய் லாரியின் படியில் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துண்டை எடுத்தபோது கொஞ்சம் வேறு ஆளாக இருந்தார்.

கீழே ஹாரன்கள் விடாமல் அடித்தன. “பவுடரண்ணே! ஆளு நல்லாருக்குல்ல? எடுண்ணே வண்டிய!” என்று யாரோ கத்தினார்கள்.

பழக்கதோஷத்தில் அவள் வீட்டுக்காரரின் கை முதுகுப்பக்கம் போய், சொருகியிருந்த பச்சைக்கொடியைத் தொட்டது.

“அதத் தொடாத,” என்றார் பவுடர். “அதை இனிமே என் கண்ணுல காட்டாத. அம்மா, நீங்க சொல்லுங்க. வாயால சொல்லுங்க. இதுக்கு மேல, இந்த ரோட்டுல, வேற யாராவது இருக்காங்களா?”

இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவர்தான் குறைந்தார், அவர் கிடைத்துவிட்டார். கணக்கு தெளிவாக இருந்தது. ஆனால் நேற்றிலிருந்து கணக்கு தெளிவாகத்தானே இருந்தது. தையல்காரி மேலே போகும் சாலையைப் பார்த்தாள். மழைப்புகையில் அடுத்த வளைவுகூடத் தெரியவில்லை.

“தெரியல அண்ணே,” என்றாள்.

அவள் வீட்டுக்காரர் கீழே நடந்து போனார். லாரிகளுக்கு இடையில் மோட்டார் சைக்கிளை நெளித்துக் கொண்டுவந்தார். அவர்கள் பக்கத்தில் நிறுத்தி, பச்சைக்கொடியை உருவிக் கல்லின்மேல் வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றி அதன்மேல் வைத்தார். மகளைப் பார்க்க முகத்தைத் திருப்பினார்; திருப்பியது பாதியிலேயே நின்றுவிட்டது.

“ஒவ்வொரு பள்ளமாப் பாத்துட்டு வரேன்,” என்று சாலையிடம் சொல்வதுபோலச் சொன்னார். “அதுவரைக்கும் யாரையும் விடாதீங்க அண்ணே.”

“நீ போ. எவன் தாண்டறான் பாக்கறேன்.”

வண்டி மெதுவாக ஏறி மழைப்புகைக்குள் போனது. சிறிது தூரத்தில் எஞ்சின் நின்றது. வண்டியை நிறுத்திவிட்டு நடக்கிறார் போல.

கீழே மறுபடி ஹாரன். பவுடர் எழுந்தார். வரிசையோடு இறங்கி, ஒவ்வொரு லாரியின் கதவையும் உள்ளங்கையால் அறைந்துகொண்டே போனார். “எஞ்சின ஆஃப் பண்ணு. டேய், ஆஃப் பண்ணுடா. மேல ஆளு தேடறாங்க. எவனாவது கொரல் குடுத்தா கேக்க வேணாமா? நீயும்தான், அணைடா!”

ஒன்றன் பின் ஒன்றாக எஞ்சின்கள் அணைந்தன. கடைசி லாரி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. அப்புறம் மலையில் மழை சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. டிரைவர்கள் கதவைத் திறந்து படியில் வந்து நின்றார்கள்.

மேலேயிருந்து அவர் குரல் வந்தது. தூரத்தில், பாறையில் பட்டு, இரண்டாக உடைந்து.

“யாராவது இருக்கீங்களா?”

நின்று கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடியும் கூப்பிட்டார்.

“யாராவது இருக்கீங்களா?”

குருவியின் உடம்பு அம்மாவின் கைக்குள் ஆடிக்கொண்டேயிருந்தது. அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வந்தது. வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, குரல் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே அவருக்குக் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தும், மூன்றாம் தடவை அவர் கூப்பிட்டபோது மெல்லச் சொன்னாள்.

“இருக்கேன்ப்பா.”